பல் ஏறிய கப்பல்

சிவப்பு ரிப்பன் கட்டினால் மாறாது என்று
என் மனைவி சொன்னாள்.
தனுஷ்கோடி வீட்டிலும் யாரோ
அதையே சொல்லியிருக்க வேண்டும்.

மாட்டுத்தாவணி, இரவு ஒன்பதரை.
ஆம்னி பஸ்ஸுக்கும் அரசு பஸ்ஸுக்கும் நடுவில்
டீக்கடைத் தூணோரம்
இரண்டு நீலப் பெட்டி, இரண்டு சிவப்பு முடிச்சு.
"மேலூர் மேலூர் மேலூர்" என்று கூவினான் கண்டக்டர்.
பாதி டீயை வைத்துவிட்டு ஓடினேன்.
கொஞ்சம் கனக்கத்தான் செய்தது.
பகல் முழுக்க நின்றே வேலை பார்த்தவனுக்கு
எதுதான் கனக்காது.

காலையில் மேலூர்ப் பள்ளிக்கூடத்தில் பல்செட் முகாம்.
மூன்று வாரம் முன்பு அச்சுக் கொடுத்த பதினோரு வாய்கள்
பெஞ்சில் வரிசையாக,
குளித்து, விபூதி பூசி, பொக்கையாக.
பெட்டியைத் திறந்தேன்.

மேலே ஒரு வைக்கோல் தொப்பி.
விலைச்சீட்டுப் பிய்க்காத நீச்சலுடை
ஆணுக்கொன்று, பெண்ணுக்கொன்று,
இரண்டிலும் தென்னைமரம்.
வாந்தி மாத்திரை நாலு அட்டை.
இஸ்திரிப் பெட்டி, எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்.
அடியில் தகர டப்பா நிறைய முறுக்கு.
கைப்பிடியில் கப்பல் படம் போட்ட காகிதம்:
தளம் ஏழு, அறை 7114.
போன் நம்பர் இல்லை.

ரைஸ்மில் கருத்தலிங்கம் எட்டிப் பார்த்தார்.
"எம் பல்லு எங்கப்பா?"
காகிதத்தைக் காட்டினேன்.
"கப்பலுக்கா?" என்றார். ப-வில் காற்றுதான் வந்தது.

பதினொன்றே முக்காலுக்கு போன்.
"எல்லிஸ் நகர் தனுஷ்கோடி பேசுறேன்,
ட்ரெஷரில இருந்து ரிட்டயர் ஆனவன்.
சென்னை ஹார்பர்ல நிக்கிறேன்.
என்ன சார் வச்சிருக்கீங்க பெட்டிக்குள்ள?"

எக்ஸ்ரே திரையில்
பதினோரு சிரிப்பு, ஒன்றன் மேல் ஒன்றாக.
திரைக்கு முன்னால் இருந்த பெண் வீறிட்டாளாம்.
மேலதிகாரி வந்து பார்த்து
அவருக்கும் மேலே ஒருவரைக் கூப்பிட்டாராம்.
"பல்செட்டுன்னு சொல்லிட்டேன் சார்.
யாரோடதுன்னு கேக்குறாங்க."

நோட்டைப் பார்த்துப் படித்தேன்.
கருத்தலிங்கம். பஞ்சவர்ணம். சேவுகப்பெருமாள்.
அழகம்மை, மேல்வரிசை மட்டும்.
ஒவ்வொன்றாக அவர் அங்கே திருப்பிச் சொல்ல
யாரோ எழுதிக்கொள்வது கேட்டது.
அப்படித்தான் டிக்கெட் எடுக்காத பதினோரு பேர்
கப்பல் கணக்கில் ஏறினார்கள்.

பின்னாலிருந்து ஒரு பெண் குரல்:
"இஸ்திரிப் பெட்டி பத்திரமா இருக்கான்னு கேளுங்க."
"இருக்கும்மா."
"இருக்காம் கோகிலம்" என்றவர் குரலைத் தணித்தார்:
"இங்க கேட்டுல குமிச்சு வச்சிருக்காங்க சார், எல்லார்ட்டயும் புடுங்கி.
கொண்டுவராதன்னு நாலு நாளாச் சொன்னேன்."
அவருக்குப் பெட்டி மாறியதில்
ஏதோ ஒரு வழக்கு ஜெயித்த திருப்தி.
பிறகு ஹாரன் அடித்தது, நீளமாக.
பேருக்கு தனுஷ்கோடி.
அறுபத்தோரு வயதில் இதுதான் முதல் கப்பல்.
"வச்சிர்றேன் சார், கூப்பிடுறாங்க."

மூன்று ராத்திரி போய்த் திரும்பும் கப்பல்.
பதினோரு பேரிடமும் அதைச் சொன்னேன்.
யாரும் எழுந்து போகவில்லை.
வெயில் வேறு ஏறியது.
முறுக்கு டப்பாவைத் திறந்தது நானில்லை.
டீயில் ஊறப் போட்டால்
ஈறே போதும் என்றார் பஞ்சவர்ணம்,
இருபது வருடம் சத்துணவில் வேலை பார்த்தவர்.

ஐந்தாம் நாள் எல்லிஸ் நகரில் கைமாற்றினோம்.
டப்பாவைக் கழுவித்தான் கொடுத்தேன்.
ஆட்டிப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை.
கட்டிப் போன ஒரே சேலையை
ராத்திரி ராத்திரி அலசிக் கட்டிய அம்மாள்
நீச்சலுடையைப் பிரித்துத்
தென்னைமரத்தைத் தடவி
மறுபடி மடித்து வைத்தாள், விலைச்சீட்டோடு.

மேலூரில் கருத்தலிங்கம் பல்லை மாட்டி
இடமும் வலமும் மென்று பார்த்தார், வெறும் வாயை.
"உப்புக் கரிக்கலையே."
"மூணு தரம் கழுவினேன்யா."
"அதான் கேக்குறேன்.
எதுக்குக் கழுவுன?"